பருப்பு வேகாத தண்ணீரில் நீச்சல் குளம்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக்குள் எங்கள் வீடு. போன வருடம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் நீச்சல் குளம் கட்டினோம். போர் தண்ணீர்தான். தை மாதம் வரை கண்ணாடி மாதிரி இருந்தது. பங்குனி வெயில் ஏறியதும் தண்ணீர் பால் போல வெளுத்துவிட்டது. டைல்ஸ் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது, தேய்த்தாலும் போகவில்லை. ஒரு கோடை மழை பெய்தது, மறுநாளே பச்சை. குளோரின் மாத்திரையும் போடுகிறோம், பிளீச்சிங் பவுடரும் போடுகிறோம். மாதம் ஒருமுறை எல்லாத் தண்ணீரையும் இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்பினால் சரியாகுமா? பேரப்பிள்ளைகள் மே மாதம் வருகிறார்கள். வருடம் முழுக்க இதை எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: இறைக்க வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஓர் அவசரமான விஷயம். மாத்திரை, பிளீச்சிங் பவுடர் இரண்டும் வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்து, ஒரே குவளையால் அள்ளுகிறீர்களா? இன்றைக்கே பிரித்து வையுங்கள். இரண்டும் குளோரின்தானே என்று தோன்றும். ஆனால் ஈரத்தோடு இவை ஒன்றாகக் கலந்தால் சூடேறி, விஷவாயு கிளம்பி, டப்பாவே வெடிக்கலாம். ஆசிட் கேனை இவை இரண்டின் பக்கத்திலும் வைக்கக் கூடாது. தோட்டத்து ஆள் வேறு யாராவது மருந்து போடுவதாக இருந்தால் அவரிடமும் இதை நேரில் சொல்லிவிடுங்கள்.

சரி, உங்கள் குளத்துக்கு வருவோம். டைல்ஸ் ஓரத்து வெள்ளையின் மேல் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். சிறு குமிழிகளாக நுரைத்தால் அது சுண்ணாம்பு. உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் கம்பியில் படிவதும் அதே சுண்ணாம்புதான். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் பாறைக்குள் இறக்கிய பல போர்களில் தண்ணீர் இப்படித்தான்: சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. நகரத்துக் குளத்துக்கு எழுதிய பராமரிப்பு முறை நம் ஊரில் பலிக்காமல் போவதற்குக் காரணம் இதுதான். இங்கே குளத்தின் ஆரோக்கியத்தைத் தீர்மானிப்பது நீங்கள் போடும் மருந்தைவிட, குறைந்த மட்டத்தைச் சரிக்கட்ட நீங்கள் விடும் தண்ணீர்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் குளத்தின் கொள்ளளவு 40,000 லிட்டர், மேற்பரப்பு 32 சதுர மீட்டர். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாவதாக வைத்தால் தினம் 160 லிட்டர் போகும், நூறு நாளில் 16,000 லிட்டர். ஆவியாகிப் போவது வெறும் நீர் மட்டும். அதிலிருந்த சுண்ணாம்பு குளத்திலேயே தங்கிவிடுகிறது. ஈடுகட்ட விடும் போர் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பின் அளவு, லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்றால், அந்த நூறு நாளில் 9.6 கிலோ சுண்ணாம்பை நீங்களே குழாய் வழியாகக் குளத்தில் கொட்டியிருக்கிறீர்கள். குளத்தின் கடினத்தன்மை ஒரே கோடையில் 240 ஏறும். ஒரு குளத்துக்கு 200 முதல் 400 வரை நல்லது. தொடக்கமே 600 என்றால் சித்திரையில் 800ஐத் தாண்டியிருக்கும்.

சுண்ணாம்புக்கு ஒரு குணம் உண்டு. சர்க்கரை போலச் சூட்டில் அதிகம் கரையாது, சூடானால் பிரிந்து வெளியே வரும். தண்ணீரின் பி.எச்., அதாவது காரத்தன்மையைக் காட்டும் அளவு, ஏறினாலும் அப்படித்தான். உங்கள் குளத்தில் வெயில், பி.எச். இரண்டும் சேர்ந்துகொண்டன. இதில் பிளீச்சிங் பவுடரே சுண்ணாம்பில் செய்தது. போடப்போடச் சுண்ணாம்பும் கூடுகிறது, பி.எச்.சும் ஏறுகிறது. தண்ணீர் வெளுக்க வெளுக்க நீங்கள் இன்னும் பவுடர் போட்டிருப்பீர்கள். எல்லோரும் செய்வதுதான்.

மாத்திரையில் வேறு சிக்கல். அதில் குளோரினோடு சயனூரிக் ஆசிட் என்ற பொருளும் சேர்ந்தே வருகிறது. வெயிலில் குளோரின் பறந்துவிடாமல் குடை பிடிப்பது அதன் வேலை. 30 முதல் 50 பி.பி.எம். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) வரை அது தேவை. குளோரின் செலவாகிவிடும், இந்தப் பொருள் செலவாகாது, ஆவியாகவும் போகாது. மாத்திரை வழியே 10 பி.பி.எம். குளோரின் கொடுத்தால் கூடவே 6 பி.பி.எம். இது ஏறும். தினம் 2 பி.பி.எம். வீதம் நூறு நாள் கொடுத்தால் 120 ஏறிவிடும். அதற்குப் பிறகு குடை பெரிதாகி, குளோரினை வேலை செய்யவே விடாது. டெஸ்ட் கிட்டில் குளோரின் இருப்பதாகக் காட்டும், பாசி மட்டும் வளரும். ஒரு மழைக்குப் பச்சையானதற்கு இது முக்கியக் காரணமாக இருக்கலாம். கடையில் கேட்டு சயனூரிக் ஆசிட் பார்க்கும் சோதனையையும் ஒருமுறை செய்துவிடுங்கள்.

ஆகவே இரண்டையும் நிறுத்திவிட்டு, திரவ குளோரினுக்கு மாறுங்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் என்று கேட்டால் கெமிக்கல் கடையில் கேனில் கிடைக்கும். 10 சதவீதம் வீரியமுள்ளது என்றால், உங்கள் குளத்தில் 400 மில்லி ஊற்ற 1 பி.பி.எம். ஏறும். கோடையில் தினம் 400 முதல் 800 மில்லி வரை பிடிக்கும். பொழுது சாய்ந்தபின், பம்ப் ஓடும்போது, தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கு நேராகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பகலில் ஊற்றினால் பாதி சூரியனுக்குப் போய்விடும். ஒரே ஒரு குறை: நம் ஊர் வெயிலில் இந்தத் திரவம் வீரியம் இழந்துகொண்டே இருக்கும். மூன்று மாதத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கித் தகர ஷெட்டில் அடுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு வாங்கி, நிழலில் வையுங்கள்.

குளோரின் 1 முதல் 3 பி.பி.எம்., பி.எச். 7.2 முதல் 7.6. வாரம் மூன்று முறையாவது இந்த இரண்டையும் பாருங்கள், பிள்ளைகள் குளிக்கும் நாட்களில் தினமும். மஞ்சள் நிறம் காட்டும் பழைய டெஸ்ட் கிட் மொத்தக் குளோரினைத்தான் காட்டும், அதில் வேலை முடிந்துபோன குளோரினும் அடக்கம். இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. வகையை வாங்குங்கள். பி.எச். ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், 7.5இல் குளோரினில் பாதி கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும், 8க்குப் போனால் கால் பங்குதான். காசு கொடுத்து வாங்கிய மருந்தில் முக்கால்வாசி சும்மா மிதக்கும்.

நம் போர் தண்ணீருக்கு பி.எச். எப்போதும் மேலேதான் ஏறப் பார்க்கும். இறக்க ஆசிட். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை, நிறம் இல்லாத தெளிவான ரகமாக, கெமிக்கல் கடையிலேயே வாங்குங்கள். முக்கால் வாளி தண்ணீர் எடுத்து, அதில் 250 மில்லி ஆசிட்டை ஊற்றி, ஆழமான பக்கமாகச் சுற்றிலும் விடுங்கள். ஆசிட்டில் தண்ணீர் ஊற்றவே கூடாது, முகத்தில் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். நாலு மணி நேரம் பம்ப் ஓடவிட்டுத் திரும்பப் பாருங்கள், போதவில்லையென்றால் இன்னொரு 250. ஒரேயடியாக ஒரு லிட்டர் ஊற்றும் அவசரம் வேண்டாம். குளோரின் ஊற்றிய அதே நேரத்தில், அதே இடத்தில் ஆசிட்டும் வேண்டாம்.

ஈடுகட்டும் தண்ணீருக்கு என்ன செய்யலாம்? வீட்டில் சாப்ட்னர் (தண்ணீரின் சுண்ணாம்பை நீக்கும் கருவி) இருந்தால் அதன் லைனை ஒரு டியூப் போட்டுக் குளத்துக்குக் கொண்டுவாருங்கள். தினம் 160 லிட்டர்தான், அந்தக் கருவிக்குப் போடும் உப்பு கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே. குளிக்காத நேரத்தில் மூடி போட்டு வைத்தால் ஆவியாவது பெரிதும் குறையும், குளோரினும் மிச்சம். ஆனால் இழுத்துக் கட்டாத தார்ப்பாயைப் போடாதீர்கள். தரை என்று நினைத்துக் கால் வைக்கும் குழந்தை அதோடு உள்ளே போய்விடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாயிலிருந்து நிரப்பலாமா என்று சிலர் கேட்பார்கள். ஃப்ளூரைடால் பல்லும் எலும்பும் கெட்ட ஊர்களுக்குக் குடிக்க வந்த தண்ணீர் அது. குளத்துக்கு வேண்டாம், இதை அழுத்தியே சொல்கிறேன்.

ஆகச் சிறந்த தண்ணீர் உங்கள் மொட்டை மாடியில் விழுகிறது. 1,000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர், அதில் சுண்ணாம்பு இல்லவே இல்லை என்று சொல்லலாம். புரட்டாசி, ஐப்பசி மழைக்கு முன் மாடியைக் கழுவி, முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்தடுத்த மழையை ஒரு வலை வழியாகக் குளத்துக்குத் திருப்புங்கள். அதற்கு இடம் பண்ண, குளத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முன்கூட்டி வெளியேற்றலாம். குளோரின் போடுவதை நாலைந்து நாள் நிறுத்தி, டெஸ்டில் பூஜ்யம் வந்தபின் தென்னைக்கு விடுங்கள். மாமரத்துக்கு வேண்டாம். தென்னை உப்பைத் தாங்கும், மா தாங்காது, இலை நுனி கருகும். ஃபில்டரைக் கழுவும் பேக்வாஷ் தண்ணீருக்கும் இதே விதி.

முழுசாக இறைக்க வேண்டாம் என்றதற்கு இப்போது வருகிறேன். முதலாவது, புதிதாக விடும் 40,000 லிட்டரும் அதே சுண்ணாம்புத் தண்ணீர். இரண்டாவது, ஒரு வருடம் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு பண்ணை வீட்டில் நான் கண்ணால் பார்த்தது. ஐப்பசி மழை ஓய்ந்த வாரம், சுத்தம் செய்வதற்காக ஃபைபர் குளத்தை இரவோடு இரவாகக் காலி செய்திருந்தார்கள். காலையில் போனபோது ஒரு மூலை ஒரு சாண் மேலே எழும்பி நின்றது. சுற்றிப் பதித்திருந்த கிரானைட் பலகைகளுக்கு நடுவே கை நுழையும் அளவு பிளவு. கீழே மண்ணில் ஊறியிருந்த தண்ணீர், காலித் தொட்டியைப் படகு மாதிரி தூக்கிவிட்டது. கான்கிரீட் குளமும் இப்படி விரிசல் விடும். கட்டாயம் காலி செய்துதான் ஆக வேண்டும் என்றால் வறண்ட மாசியில், கட்டியவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மற்ற மாதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பம்பைக் கோடையில் 8 மணி நேரம், காலையும் மாலையும் பிரித்து ஓட்டுங்கள். குளிர் மாதங்களில் 4 மணி நேரம் போதும். யாரும் குளிக்காத மார்கழியிலும் முழுசாக நிறுத்திவிடாதீர்கள். தேங்கிய தண்ணீரில் பத்து நாளுக்குள் டெங்குக் கொசு பறக்கும், குளோரினோடு சுற்றும் தண்ணீரில் அது தங்காது. தை, மாசியில் மாம்பூ உதிரும். தத்துப்பூச்சி விடும் பிசின் போன்ற கழிவும் சேர்ந்து மேலே எண்ணெய்ப் படலமாக நிற்கும். மேலே மிதப்பதை இழுத்துப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையைத் தினம் இரண்டு முறை தட்டுங்கள். தோப்புக்கு மருந்தடிக்கும் நாளில் குளத்தை மூடி, பம்பை நிறுத்துங்கள். அன்றைக்குக் குளிக்க வேண்டாம். ஃபில்டர் மீட்டரில் அழுத்தம் வழக்கத்தைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறினால் பேக்வாஷ். அதற்கு முன் தினமும் செய்வது தண்ணீர் விரயம்.

தண்ணீர் மட்டம் 5 மில்லிமீட்டரைவிட வேகமாக இறங்குகிறதே, கசிவோ என்று சந்தேகம் வரும்போது: ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பிப் படிக்கட்டில் பாதி மூழ்க வையுங்கள். வாளிக்குள்ளும் வெளியேயும் மட்டத்தில் கோடு போடுங்கள். பம்பை நிறுத்தி ஒரு நாள் கழித்துப் பார்த்தால், இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்தது. வெளியே அதிகம் இறங்கியிருந்தால் கசிவு.

பேரப்பிள்ளைகள் வருவதற்கு முன் இப்போது செய்ய வேண்டியது: போர் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்து, கடினத்தன்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். பி.எச்.சை 7.2க்கு இறக்குங்கள். சுவரையும் தரையையும் பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு ஒரு மாலையில் திரவ குளோரின் 4 லிட்டர் விட்டு, பச்சை போய்த் தெளியும் வரை பம்பை இரவு பகலாக ஓட்டி, இடையிடையே பேக்வாஷ் செய்யுங்கள். தினமும் சோதித்து, குறைந்த குளோரினை மாலையில் ஈடுகட்டுங்கள். சயனூரிக் ஆசிட் 80க்கு மேல் இருந்தால் இது பலிக்காது. அப்போது மட்டும் மூன்றில் ஒரு பங்கைச் சாப்ட்னர் தண்ணீரால் சில நாட்களாக மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். குளோரின் 3க்குக் கீழே இறங்கும் வரை யாரும் இறங்கக் கூடாது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பம்புக்கும் விளக்குக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுற்றிலும் நாலடி வேலியும், தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும் வேண்டும். பிள்ளைகள் இறங்கும் ஒவ்வொரு நாளும் கரையில் நின்று, ஆழமான பக்கத்தில் அடியிலிருக்கும் வடிகால் மூடியைப் பாருங்கள். அதன் துளைகள் தெளிவாகத் தெரிய வேண்டும், மூடி உடையாமல் இருக்க வேண்டும். கலங்கித் தெரிந்தால் அன்றைக்குக் குளியல் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். அந்தத் தண்ணீருக்குள் ஒரு குழந்தை மூழ்கினால் கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.