தினமும் 200 முறை குதித்தும் கை கூடைப்பந்து ரிங்கை எட்டவில்லை, டங்க் அடிக்க (எழும்பிப் பந்தை ரிங்குக்குள் அமுக்க) வேறென்ன செய்வது?

முதல் வேலையாக அந்த 200-ஐ நிறுத்துங்கள். கல்லூரி இரண்டாம் வருடம் நானும் இதையேதான் செய்தேன், அதுவும் சிமென்ட் கோர்ட்டில், அடி தேய்ந்த ஷூவோடு. ஆறு வாரத்தில் ரிங் கிட்டே வரவில்லை, முட்டிச் சில்லுக்குக் கீழே வலிதான் வந்தது. ஹாஸ்டல் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குவேன். அதற்கு 'ஜம்பர்ஸ் நீ' (குதிப்பவர் முட்டி) என்று பெயரே இருப்பது பிசியோ சொல்லித்தான் தெரியும்.

சரி, கணக்குக்கு வருவோம். ரிங் 10 அடி, அதாவது 305 செ.மீ. சுவரோடு ஒட்டி நின்று ஒரு கையை உயர்த்தி, விரல் நுனி எட்டும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஆறடி ஆளான எனக்கு 241 வந்தது. ரிங்கைத் தொடவே 64 செ.மீ. எழும்ப வேண்டும், பந்தை உள்ளே அமுக்க இன்னும் 15 செ.மீ.யாவது வேண்டும், ஆக 80 கிட்டே. டேப்பைப் பிடித்து ரிங்கையும் அளந்துவிடுங்கள். எங்கள் கோர்ட்டில் ஒரு பக்க ரிங் நான்கு அங்குலம் தாழ்ந்திருந்தது, அந்தப் பக்கம் போனால் எல்லோரும் மைக்கேல் ஜோர்டான்.

எனக்குப் பலன் கொடுத்தது எடை தூக்கியதுதான். வாரம் இரண்டு நாள் ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது). ஸ்குவாட்டில் 50 கிலோவுக்கே தடுமாறியவன் எட்டு மாதத்தில் 105-க்கு வந்தேன். குதிப்பதும் வாரத்தில் இரண்டே நாள், மொத்தம் 20, 25 தடவைதான், ஆனால் ஒவ்வொன்றும் முழு பலத்தோடு, நடுவில் மூச்சு அடங்கும்வரை ஓய்வு. சோர்ந்த காலோடு குதித்துக்கொண்டே இருந்தால் உடம்பு அந்தத் தாழ்ந்த குதியைத்தான் பழகிக்கொள்ளும். முட்டி தேறியபிறகு டெப்த் ஜம்ப் சேர்த்தேன், சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி வளர்த்தெடுத்த முறை: முழங்கால் உயரப் பெட்டியிலிருந்து இறங்கி, பாதம் தரையில் பட்டதும் படாததுமாக மேலே எழும்ப வேண்டும். தசைநாண் ரப்பர் பேண்ட் மாதிரி இழுபட்டுச் சுண்டிவிடும், தரையில் கொஞ்சம் தங்கினாலும் அந்த விசை போய்விடும். இப்போது முட்டி வலி இருந்தால் இதைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் ரன்-அப், அதாவது குதிக்குமுன் ஓடிவருவது. கடைசிக்கு முந்தைய அடி நீளமாக, இடுப்பு தாழ்ந்து. கடைசி அடி குட்டையாக, சட்டென்று. நான் நேர்மாறாக வைத்துக்கொண்டிருந்ததை நண்பன் போனில் வீடியோ எடுத்துக் காட்டினான். அதைத் திருத்தியதிலேயே நாலு விரல்கடை ஏறியது.

1986-இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் டங்க் போட்டியை ஜெயித்த ஸ்பட் வெப் ஐந்தே முக்கால் அடிகூட இல்லை. ஆனால் அவர் பிறவியே வேறு, அவரைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள். முதலில் டென்னிஸ் பந்தை அமுக்கிப் பழகுங்கள், பிறகு வாலிபால், கடைசியாகத்தான் கூடைப்பந்து. எனக்கு மொத்தம் 14 மாதம் ஆனது. எந்தப் பக்க ரிங்கில் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.