மே மாதக் கணக்கு – கடிதமும் பதிலும்

ஐயா,

நான் குடியாத்தம். பி.காம் இரண்டாம் ஆண்டு. ஞாயிறுதோறும் நண்பர்களோடு ஏரியில் வேலிகாத்தான் (சீமைக்கருவேலம்) அகற்றி நாட்டுமரக் கன்றுகள் நடுகிறோம் (படம் இணைத்துள்ளேன்). இயற்கைக்காகவே பிறந்தவள் என்று தோன்றுகிறது. படிப்பை விட்டுவிட்டு இதிலேயே இறங்கலாமா? "மண்ணு வெட்டவா படிக்க வச்சேன்" என்கிறார் அப்பா.

ம.

அன்புள்ள ம.,

நீ என்றே எழுதுகிறேன், என் மகளைவிடச் சின்னவள். பி.காமை விடாதே. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் சேர பிளஸ் டூவில் அறிவியல் படித்திருக்க வேண்டும், அந்த வழி உனக்கு இல்லை. அப்பா சொன்னதும் தப்பில்லை, அது மண் வெட்டுகிற வேலைதான்.

ஆனால் "இயற்கைக்காகவே பிறந்தவள்" என்ற வரியைப் படித்ததும் எரிச்சல் வந்தது. படத்தில் கன்றோடு சிரிக்கிறாய், நன்றாக இருக்கிறது. சரி, போன வருடம் நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே!

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981-ல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். அந்த உற்சாகத்தில் மலையையும் ஒரு கை பார்க்கலாம் என்று நாங்கள் சில பேர் கிளம்பி, ஐப்பசி மழைக்கு முன்னால் 200 குழி வெட்டி, வேம்பும் புங்கனும் நட்டு, டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். மே மாதம் கத்திரி வெயிலில் போய்ப் பார்க்கக் கூப்பிட்டால் ஒருத்தனும் வரவில்லை. நான் மட்டும் போனேன். ஒவ்வொரு குழியாகக் குனிந்து, காய்ந்த குச்சியை நகத்தால் கீறி, தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் தாளில் ஒரு கோடு. மொத்தம் 11 கோடு. இதில் கூத்து என்னவென்றால், எரு என்று நாங்கள் கொட்டியது ஆட்டுப்புழுக்கை. ஆடு வேலிகாத்தான் காயைத் தின்னும், விதை சாகாமல் புழுக்கையோடு வெளியே வரும். பாதிக் குழியில் அதுதான் தளதளவென்று நின்றது.

அன்று அழுகைதான் வந்தது. அப்புறம் பார்த்தால் அந்த எண்ணுகிற வேலை எனக்குப் பிடித்திருந்தது! அதனால்தான் கிணறுகளில் நீர்மட்டம் அளக்கும் வேலைக்குப் போனேன். இரும்பு டேப்பில் சாக்பீஸ் தேய்த்து இறக்குவோம், நனைந்து நிறம் மாறிய இடம்தான் அளவு. பாலாற்றங்கரையில் இருபது வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்தேன். மரங்கள் மீது பெரிய காதல் எல்லாம் எனக்கு இன்றைக்கும் கிடையாது.

உங்கள் கூட்டத்தில் யாராவது எண்ணுகிறார்களா? வேலிகாத்தானை வேரோடு பெயர்க்கிறீர்களா, இல்லை மேலாக வெட்டிவிட்டு வருகிறீர்களா? வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும், அதையும் எழுதி வைக்க வேண்டும். வரவு செலவு படிக்கிறவளுக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்?

அடுத்த கடிதத்தில் படம் வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் எழுது. மதியத்தில் போகாதே, காலை எட்டு மணிக்குள் எண்ணி முடித்துவிடு.