வீட்டுப் பட்டறையில் செய்த பிரேக் பிராக்கெட் முறிந்துவிட்டது: யார் பொறுப்பு?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். நான் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். 32 வருஷம் ஃபிட்டர் அண்ட் டர்னராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டு காரேஜில் ஒரு லேத்தும் சின்ன மில்லிங் மிஷினும் வைத்திருக்கிறேன். பழைய சிட்டி கோல்ஃப் காரில் பெரிய பிரேக் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் பெரிய காலிப்பர் மாட்ட ஆசைப்படும் பையன்களுக்கு, காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை 12 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் வெட்டிக் கொடுக்கிறேன். ஃபேஸ்புக்கில் படம் போட்டதில் ஒன்றரை வருஷத்தில் 23 செட் போயிருக்கிறது. ரசீதில் 'ஃபுட்ஸ்டூட்ஸ் (உள்ளது உள்ளபடி), வாங்குபவர் சொந்தப் பொறுப்பு, ரேஸ் டிராக்குக்கு மட்டும்' என்று எழுதித்தான் கொடுப்பேன். போன மாதம் ஒரு பையனின் காரில் வலது பக்க பிராக்கெட் முறிந்து, காலிப்பர் ரிம்மில் மோதி, பிரேக் ஹோஸ் அறுந்து, ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) நின்ற பக்கியின் (பிக்கப் வண்டியின்) பின்னால் இடித்துவிட்டான். பக்கியின் இன்சூரன்ஸ் கம்பெனி 68,400 ரேண்ட் கேட்டு எங்கள் இருவருக்கும் கடிதம் அனுப்பியிருக்கிறது. பக்கிக்காரர் கழுத்து வலி என்கிறார். பையனோ, 'அங்கிள், என் காருக்கு 15,000 கொடுங்கள், விட்டுவிடுகிறேன்' என்று தினமும் வாட்ஸ்அப் அனுப்புகிறான். காரில் மாட்டியது நான் இல்லை, வேறொரு ஃபிட்மென்ட் ஷாப். முறிந்த துண்டு என்னிடம் இருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன். நான் கொடுக்க வேண்டுமா? தொழிலைத் தொடரலாமா?

பதில்: அண்ணா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 68,400 ரேண்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், 15,000 ரேண்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மீதி 22 செட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த 22 செட்டும் அதே அளவு, அதே தகடு, அதே கட்டரில் வெட்டியவை. அவை இன்றைக்கும் டர்பன் ரோடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. போன மாதம் வரை 'எனக்குத் தெரியாது' என்று நீங்கள் சொல்ல முடிந்தது. இனி முடியாது. கவனக்குறைவை நம் தென்னாப்பிரிக்க நீதிமன்றங்கள் அளப்பது 1966-ல் வந்த க்ரூகர் எதிர் குட்ஸியா வழக்கின் கேள்விகளை வைத்துத்தான்: நிதானமுள்ள ஒருவர் இந்தத் தீங்கை முன்கூட்டியே யோசித்திருப்பாரா, யோசித்துத் தடுக்க ஏதாவது செய்திருப்பாரா, இவர் அதைச் செய்தாரா. ஒன்று முறிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லாமல் இருந்தால், மூன்று கேள்விக்கும் பதில் உங்களுக்கு எதிராகத்தான் வரும். நாளைக்கு இன்னொன்று முறிந்து ஒரு உயிர் போனால் விஷயம் பணத்தோடு நிற்காது. கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்குப் போலீஸ் டாக்கெட் (வழக்குக் கோப்பு) திறக்கலாம்.

ஆகவே இந்தப் பத்தியைப் படித்தவுடன் ரசீதுப் புத்தகத்தை எடுங்கள். 22 பேரையும் போனில் கூப்பிடுங்கள், அப்புறம் அதையே எழுத்திலும் அனுப்புங்கள். 'அப்படி அனுப்பினால் தப்பை நானே ஒப்புக்கொண்டதாகாதா?' என்று பயப்படுவீர்கள். நடந்ததை மட்டும் எழுதினால் ஒப்புக்கொண்டதாகாது. இப்படி எழுதுங்கள்: 'நான் செய்த பிராக்கெட் ஒன்று ஓட்டத்தில் முறிந்திருக்கிறது. காரணம் இன்னும் ஆராயப்படவில்லை. அது தெரியும்வரை இந்த பிராக்கெட்டோடு காரை ஓட்ட வேண்டாம். பழைய காலிப்பரையும் டிஸ்கையும் திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள். பிராக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்.' யாருக்கு எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், யார் பதில் சொன்னார்கள் என்று குறித்து வையுங்கள். பதில் வராத வீட்டுக்கு நேரிலேயே போங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி, பொருள் ஆபத்தானது என்று நம்பக் காரணம் இருந்தால் தேசிய நுகர்வோர் ஆணையமே திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிடலாம். அவர்கள் சொல்லும்முன் நீங்களே செய்துவிடுங்கள்.

அடுத்தது முறிந்த துண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்மூலை ஒன்று கூர்மையாக, ஆரமே (வளைவே) இல்லாமல் வெட்டப்பட்டிருக்கிறது. அந்த மூலையில் இருந்து மங்கலான ஒரு பகுதி, கிளிஞ்சல் ஓட்டின் வரிகள் மாதிரி அடுக்கடுக்காக விரிகிறது. அதற்கு அப்பால் பளபளவென்று சொரசொரப்பாக இருக்கிறது. நான் எஞ்சினியர் இல்லை. ஆனால் ஒரு வழக்கில் உலோக நிபுணர் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டியது மறக்கவில்லை: வரிவரியாக இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த விரிசல், பளபளப்பு கடைசி நாளில் ஒரேயடியாக முறிந்த இடம். உங்கள் துண்டிலும் அதுதானா என்று நிபுணர்தான் சொல்ல வேண்டும். போல்ட் சரியாக முறுக்கப்படாமல் பிராக்கெட் ஆடிக்கொண்டே இருந்தாலும் இதே மாதிரி விரிசல் வளரலாம். அப்படியானால் பொறுப்பின் ஒரு பங்கு, ஒருவேளை பெரிய பங்கு, மாட்டிய ஷாப்புக்குப் போகும்.

அதனால் துண்டை வயர் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், பெட்ரோலில் கழுவாதீர்கள், முக்கியமாக இரண்டு பாதியையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள். முறிந்த முகம் உரசினால் சாட்சி அழிந்துபோகும். போல்ட்டுகளோடு சேர்த்து, ஈரமில்லாத பையில் தனித்தனியாகப் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். பையன் கேட்டாலும் இன்சூரன்ஸ்காரர் கேட்டாலும், இரு தரப்பும் இருக்கும்போது நிபுணர் பார்க்கட்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். உங்களிடம் கேட்கும் இருவரும் சட்டத்தின் முன்னால் ஒரே இடத்தில் நிற்கவில்லை.

பையன் உங்களிடம் பொருள் வாங்கியவன், அதாவது நுகர்வோர். 2008-ஆம் வருஷத்து 68-ஆம் எண் சட்டமான நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு அவன் கையில் இருக்கிறது. பழைய பொதுச் சட்டத்தில் தயாரிப்பாளரின் கவனக்குறைவை நிரூபித்தே ஆக வேண்டும். 2003-ல் வாகனர் எதிர் ஃபார்மாகேர் வழக்கில் புளூம்ஃபொன்டெயின் மேல்முறையீட்டு நீதிமன்றம், அதை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. அந்த மாற்றம்தான் 61-ஆம் பிரிவு. பொருளில் குறை இருந்தது, அந்தக் குறையால் சேதம் வந்தது என்று காட்டினால் போதும். நீங்கள் எவ்வளவு கவனமாக வேலை செய்தீர்கள் என்பது அங்கே எடுபடாது. எச்சரிக்கையும் வழிமுறையும் போதாமல் இருந்தாலும் அதே பிரிவு பாயும். எந்த போல்ட், எவ்வளவு டார்க் (முறுக்கு விசை), எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தீர்களா? கடிதத்தில் அப்படி எதையும் நீங்கள் சொல்லவில்லை.

'நான் கம்பெனி இல்லையே, காரேஜில் பொழுதுபோக்காகச் செய்கிறேன்' என்ற வாதத்தை நான் நம்பி இறங்க மாட்டேன். தொடர்ந்து விளம்பரம் செய்து விற்பதைத்தான் சட்டம் வியாபாரம் என்கிறது. ஃபேஸ்புக் படமும் 23 செட்டும் அதற்குப் போதும். ரசீதில் எழுதிய வாசகமும் உங்களைக் காப்பாற்றாது. ஃபுட்ஸ்டூட்ஸ் என்ற சொல்லை நம் ஊரில் மந்திரம் மாதிரி எழுதுகிறார்கள். ஆனால் 51-ஆம் பிரிவின்படி, சட்டம் கொடுத்த உரிமையைப் பறிக்கும் நிபந்தனை செல்லாது. 'ரேஸ் டிராக்குக்கு மட்டும்' என்பதையும் நீதிபதி சிரமமில்லாமல் தாண்டிப் போய்விடுவார், ஏனென்றால் அந்தப் பையன்கள் வேலைக்குப் போகும் காரில்தான் மாட்டுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் பக்கமும் தற்காப்பு உண்டு. பொருள் உங்கள் கையை விட்டுப் போனபோது அந்தக் குறை இல்லை, பிறகுதான் வந்தது என்று காட்ட முடிந்தால் நீங்கள் பொறுப்பில்லை. மாட்டிய ஷாப்பையும் விடாதீர்கள். சேவையோடு சேர்த்து ஒரு பொருளைப் பொருத்துபவரையும் அந்தப் பொருளின் சப்ளையராகவே 61(2) கருதுகிறது. ஒருவருக்கு மேல் பொறுப்பானால் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. அதாவது பையன் முழுத் தொகையையும் உங்களிடமே வாங்கலாம், பங்கை நீங்கள்தான் ஷாப்பிடம் கேட்டு வாங்க வேண்டும்.

பக்கிக்காரரின் கதை வேறு. அவர் உங்களிடம் எதுவும் வாங்கவில்லை. தாழ்வாகத் தொங்கிய மின்கம்பியில் பட்டுத் தீக்காயமடைந்த ஒரு சைக்கிள்காரர் எஸ்கொம் மின்சார நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கில், 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், 61-ஆம் பிரிவு நுகர்வோருக்குத்தான், வழியில் போனவருக்கு இல்லை என்று சொன்னது. ஆகவே அவருடைய இடத்தில் நின்று கேட்கும் இன்சூரன்ஸ் கம்பெனி, உங்கள் கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும். அது முடியாத காரியம் இல்லை. பெரிய பிரேக் அழுத்தத்தில் அந்த பிராக்கெட் ஏறத்தாழ 800 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும் என்று எந்த எஞ்சினியரும் ஒரு தாளில் போட்டுக் காட்டுவார். அப்புறம் '32 வருஷ அனுபவமுள்ளவர் உள்மூலைக்கு ஆரம் வைக்கத் தெரியாதவரா?' என்று கேட்பார்கள். உங்கள் அனுபவம் இங்கே உங்களுக்கு எதிராகவும் பேசும். ஆனால் பையன் எவ்வளவு வேகத்தில் வந்தான், முந்தைய நாட்களில் பிரேக்கில் சத்தமோ அதிர்வோ வந்தும் ஓட்டினானா என்பதும் கணக்கில் வரும். 1956-ஆம் வருஷத்துச் சேதப் பங்கீட்டுச் சட்டப்படி, தவறு செய்தவர்களுக்குள் தொகையைப் பிரிக்கலாம்.

கழுத்து வலியை லேசாக எடுக்காதீர்கள். விபத்தில் காயப்பட்டவர் அரசின் சாலை விபத்து நிதியிடம்தான் போக வேண்டும், டிரைவர் மேலோ கார் உரிமையாளர் மேலோ வழக்குப் போட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தடை டிரைவர், உரிமையாளர், டிரைவரின் முதலாளி ஆகியோருக்கு மட்டும்தான். பாகம் செய்தவருக்கு இல்லை. காயம் 'தீவிரமானது' என்ற அளவை எட்டாவிட்டால் வலி வேதனைக்கு அந்த நிதி பணம் கொடுக்காது. அப்போது அவருடைய வக்கீலின் கண் உங்கள் பக்கம் திரும்பலாம். அவருக்கு மூன்று வருஷம் அவகாசம் இருக்கிறது.

அந்த 15,000-ஐ இப்போது கொடுக்க வேண்டாம். அந்தப் பையனின் சொந்த இன்சூரன்ஸ் கம்பெனி, மாற்றம் செய்ததைச் சொல்லவில்லை என்று கைவிரித்திருக்கலாம், அதனால்தான் உங்களிடம் வருகிறான் என்று நினைக்கிறேன். அவன் நஷ்டம் உண்மையானது, அதை மதியுங்கள். ஆனால் காரணம் தெரியாமல், இன்சூரன்ஸ் கம்பெனியின் கேள்வி நிற்கும்போது கொடுத்தால், அதை ஒப்புதலாகக் காட்டுவார்கள். நிபுணர் அறிக்கை வந்தபின் கொடுப்பதானால், 'உரிமைகளுக்குப் பாதகமின்றி, முழு இறுதித் தீர்வாக' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதுவரை வாட்ஸ்அப்பில் 'மன்னிச்சிடு தம்பி, என் தப்புதான்' என்று எழுதாதீர்கள். 2002-ஆம் வருஷத்து மின்னணுத் தொடர்புச் சட்டப்படி அதுவும் நீதிமன்றத்தில் சாட்சிதான். அவன் நலமா என்று போனில் கேளுங்கள், அதில் குற்றமில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு சின்னப் பதில் போதும்: கடிதம் கிடைத்தது, பொறுப்பை ஏற்கவில்லை, துண்டு பாதுகாப்பாக இருக்கிறது, கூட்டாக ஆராயத் தயார். உங்கள் வீட்டு இன்சூரன்ஸிலும் இன்றே தெரிவியுங்கள். பொதுப் பொறுப்புக் காப்பில் வியாபாரத்தைப் பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள், ஆனாலும் தாமதமாகச் சொன்னார் என்ற காரணத்தை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. சம்மன் வந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் எதிர்வாதம் செய்யப் போவதாக 10 வேலை நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மேசையில் வைத்து மறந்தால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். வக்கீல் செலவு கட்டாது என்றால் லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிகாவின் டர்பன் அலுவலகத்தை அணுகுங்கள்.

தொழிலைத் தொடரலாமா என்றால், இந்த பிராக்கெட்டை நிறுத்துங்கள். வேறு டிசைனில் திரும்ப வருவதானால் எஞ்சினியர் கையெழுத்திட்ட வரைபடம், தகட்டுக்கு மெட்டீரியல் சர்டிபிகேட், ஒவ்வொரு பிராக்கெட்டிலும் அடித்த எண், மாட்டும் வழிமுறைத் தாள், தயாரிப்புப் பொறுப்பு இன்சூரன்ஸ், இவை இல்லாமல் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. பிடிஒய் (தனியார் லிமிடெட்) கம்பெனி ஆரம்பித்தால் தப்பலாம் என்று யாராவது சொல்வார்கள். உங்கள் கையால் செய்த கவனக்குறைவுக்கு நீங்களே தனிப்பட்ட முறையில் பொறுப்பு, கம்பெனி அதை மறைக்காது. காரில் நீங்களே மாட்டிக் கொடுக்கவும் தொடங்கினால், வாகனத்தை மாற்றியமைப்பவர் என்ற முறையில் 1996-ஆம் வருஷத்து தேசிய சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 'பில்டர்' வரையறைக்குள் போய்விடுவீர்கள், பதிவுப் பிரச்சினை வரும். குடியிருப்பு வீட்டில் பட்டறை நடத்த எத்தெக்வினி (டர்பன்) நகராட்சியின் திட்டமிடல் பிரிவில் அனுமதி கேளுங்கள். கூலிக்கு ஒரு பையனை வைத்தாலும் தொழிலாளர் இழப்பீட்டு நிதியில் பதிவு வேண்டும்.

துண்டைப் பார்க்க ஒரு உலோக நிபுணரைக் கண்டுபிடித்ததும் அறிக்கையோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். அதற்கு முன்னால், அந்த 22 போன்.