மாஸ்ரரைக் கேளுங்கள்: வெயிலில் வெடித்த ரியூப்பும் வேறு சில கேள்விகளும்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் காற்று, காஸ், அமுக்கம் பற்றியவை. உயர்தர வகுப்புகளில் வாயுநிலைப் பாடம் நடக்கிற காலம் போலிருக்கிறது. பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டுக்காரரும் கேட்டிருக்கிறார்கள். ஒரே விஷயத்தை இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறேன்.

ரியூசனுக்குப் போன இடத்தில் சைக்கிளை வெயிலில் விட்டிருந்தேன். மதியம் வந்து பார்த்தால் பின் ரியூப் வெடித்துக் கிடந்தது. காலையில் 25 பாகை, மதியம் ரயர் 50 பாகைக்கு வந்திருக்கும். வெப்பநிலை இரண்டு மடங்கானதால் அமுக்கமும் இரண்டு மடங்காகி வெடித்தது என்று நண்பனுக்கு விளக்கினேன். சரிதானே சேர்?
*உயர்தர மாணவன், கோண்டாவில்*

தம்பி, கனவளவு மாறாவிட்டால் வெப்பநிலையோடு அமுக்கமும் அதே பங்கில் கூடும் என்ற விதி சரி, கணக்கு பிழை. 25 பாகை செல்சியஸ் 50 ஆவது இரண்டு மடங்கு இல்லை. செல்சியஸின் சுழியம் தண்ணீர் உறைகிற இடம்; காற்றுக்கும் அந்த இடத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. காற்றின் கணக்கை -273 பாகையிலிருந்து தொடங்க வேண்டும். அப்படி எண்ணுவதுதான் கெல்வின் அளவு: காலையில் 298 கெல்வின், மதியம் 323 கெல்வின். கூடியது நூற்றுக்கு எட்டுப் பங்கு, அவ்வளவுதான்.

இன்னொரு சுழியமும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. காற்றடிக்கிற கடையின் மானி 45 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 45 இறாத்தல்) என்று காட்டினால், வெளிக்காற்றை விட உள்ளே 45 கூட என்று பொருள். வெளிக்காற்றே சுமார் 15 இருக்கிறது. ஆகவே ரியூப்புக்குள் உண்மையில் 60. அதை எட்டு வீதத்தால் கூட்டினால் 65 வரும், 15 ஐக் கழித்தால் மானியில் 50. வெயில் முழுக்கக் காய்ந்தும் ஏறியது ஐந்தே ஐந்து.

நல்ல ரயர் ஐந்து பி.எஸ்.ஐ.க்கு வெடிக்காது. உங்கள் பின் ரயரைக் கழற்றி ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். நூல் தெரிகிற இடமோ கம்பிக்குப் பக்கத்தில் வெட்டோ இருக்கும். அந்த வாயால் ரியூப் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பிதுங்கியிருக்கும். வெயில் கடைசித் தள்ளைத் தள்ளியிருக்கிறது. ரியூப்பை மட்டும் மாற்றினால் அடுத்த கிழமையும் இதே கடிதம் எழுதுவீர்கள். ரயரையும் மாற்றுங்கள்.

சோதனைத் தாளிலும் பிள்ளைகள் புள்ளியைக் கோட்டை விடுவது இந்த இரண்டு சுழியங்களில்தான். சமன்பாட்டை எல்லோரும் நித்திரையிலும் சொல்லுவார்கள்.

கைப்பம்பால் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறது. உராய்வினால்தானே?
*வாசகர், சாவகச்சேரி*

கொஞ்சம் உராய்வு உண்டு. ஆனால் உராய்வு மட்டும்தான் என்றால் குழாய் முழுவதும் ஒரேமாதிரிச் சுட வேண்டும். சுடுவது காற்று நெருக்குப்படுகிற அடிப்பக்கம். நீங்கள் கையால் கொடுக்கிற வேலை காற்றுக்குள் வெப்பமாகச் சேர்கிறது. மெல்ல மெல்ல அழுத்தினால் அந்த வெப்பம் வெளியே போய்விடும், அமுக்கம் இரண்டு மடங்கானால் கனவளவு பாதியாகும் என்கிற போயிலின் விதி அப்படியே பொருந்தும். அவசரமாக அடித்தால் பொருந்தாது, ஏனென்றால் வெப்பநிலை மாறாமல் இருந்தால்தான் அந்த விதி. லான்ட்மாஸ்ரர் உழவு மெசினின் டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி பிளக் இல்லாததும் இதனால்தான். காற்றை ஒரே மூச்சில் நெருக்கினால் டீசல் தானாகப் பற்றுகிற சூடு வந்துவிடும்.

என் தம்பி கடலட்டைக்குச் சுழியோடப் போகிறவன். ஒக்சிசன் சிலிண்டர் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறான். ஆழம் கூடினால் சிலிண்டர் கெதியாக முடிகிறது என்கிறான். இப்போது தோள்மூட்டு நோகிறது என்கிறான், இன்னொரு தடவை இறங்கினால் சரியாகிவிடும் என்றும் சொல்கிறான். பயமாக இருக்கிறது.
*ஓர் அக்கா, குருநகர்*

பிள்ளை, கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். நோவோடு அவரை மறுபடி கடலில் இறங்க விடவேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், "சுழியோடி ஏறிய பிறகு வந்த நோ" என்று அந்தச் சொற்களிலேயே டாக்குத்தரிடம் சொல்லுங்கள். எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழம், எவ்வளவு நேரம் கீழே இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நோவுக்குச் சாராயம் குடிக்கிற பழக்கமும் இதில் கூடாது.

இனி விளக்கம். அவர் கட்டிக்கொண்டு போவது ஒட்சிசன் இல்லை, நாம் சுவாசிக்கிற சாதாரண காற்று, நெருக்கி அடைத்தது. தனி ஒட்சிசனோடு ஆறு மீற்றருக்குக் கீழே போனால் அதுவே நஞ்சாகி வலிப்பு வரலாம். எல்லோரும் ஒக்சிசன் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். நிரப்புகிற இடத்தில் மட்டும் காற்று என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கடலில் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும், அதாவது ஏறக்குறைய ஐந்தரைப் பாகத்துக்கும், ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். மேலேயே ஒன்று இருக்கிறதை மறக்கக்கூடாது. ஆக பத்து மீற்றரில் இரண்டு, இருபதில் மூன்று, முப்பதில் நான்கு. சுவாசிக்கிற காற்றும் அதே அமுக்கத்தில் வந்தால்தான் நெஞ்சு விரியும். ஆகவே மேலே ஒரு மணித்தியாலம் வரக்கூடிய சிலிண்டர் பத்து மீற்றரில் அரை மணித்தியாலம், முப்பதில் கால் மணித்தியாலம்தான் வரும். தம்பி சொன்னது அச்சொட்டாகப் போயிலின் விதி. 1662இல் றொபேட் போயில் கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் ஊற்றி அளந்து எழுதியதை அவர் நுரையீரலால் அளந்திருக்கிறார்.

ஏறும்போதுதான் கவனம் வேண்டும். நாற்பது மீற்றரிலிருந்து முப்பதுக்கு ஏறினால் அமுக்கம் ஐந்திலிருந்து நான்காகும். நெஞ்சுக்குள் இருக்கும் காற்று கால் பங்கு விரியும். பத்திலிருந்து மேலே வந்தால் இரண்டு ஒன்றாகும். அதே காற்று இரண்டு மடங்காகும். வெளிச்சம் தெரிகிறது, வள்ளம் தெரிகிறது என்று அவசரப்படுகிற கடைசிப் பத்து மீற்றர்தான் எல்லாவற்றிலும் மோசமானது. அந்த இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழியலாம். மூச்சு விட்டுக்கொண்டே, நிமிடத்துக்குப் பத்து மீற்றருக்கு மேற்படாமல் ஏறவேண்டும். ஐந்து மீற்றரில் மூன்று நிமிடமாவது தங்க வேண்டும்.

மூட்டு நோவுக்குக் காரணம் வேறு விதி. 1803இல் வில்லியம் ஹென்றி சொன்னது: அமுக்கம் கூடக்கூட திரவத்துக்குள் வாயு கூடக் கரையும். கீழே நெடுநேரம் நின்றால் நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து ஏறிவிடும். சட்டென்று மேலே வந்தால் சோடாப் போத்தல் மூடியைத் திறந்தமாதிரி உடம்புக்குள் குமிழி. மூட்டில் நின்றால் நோ, முள்ளந்தண்டில் நின்றால் கால் விளங்காது. மறுபடி இறங்கினால் குமிழி நெருக்குப்பட்டு நோ குறைவது உண்மை. அந்தச் சுகத்தை நம்பித்தான் பலர் இறங்குகிறார்கள். ஆனால் கீழே இன்னும் நைதரசன் ஏறும், வரும்போது முன்னையதை விட மோசமாகும். அந்த வைத்தியத்தை அமுக்க அறைக்குள், அளந்து, மணிக்கணக்காகச் செய்ய வேண்டும்.

அம்மப்பாவின் பெற்றோமாக்ஸ் விளக்கைத் துடைத்து எரிய வைத்தோம். அரைத் தாங்கி எண்ணெய் இருக்கும்போதே மங்குகிறது. பழுதா?
*வாசகர், பருத்தித்துறை*

பழுதில்லை, பம்ப் பண்ணுங்கள். தாங்கியில் முக்கால்வாசி எண்ணெய், கால்வாசி காற்று என்று தொடங்கியிருப்பீர்கள். எண்ணெய் பாதிக்கு வரும்போது காற்றுக்கு இரண்டு மடங்கு இடம் கிடைத்துவிடுகிறது, அமுக்கம் பாதியாகிறது. அந்தப் பாதியிலும் வெளிக்காற்றின் பங்கைக் கழிக்க வேண்டும். உள்ளே மூன்று வளிமண்டலம் இருந்தது ஒன்றரையானால், எண்ணெயைத் தள்ளுகிற மிச்சம் இரண்டிலிருந்து அரையாகிவிடும். நாலில் ஒன்று! மங்காமல் என்ன செய்யும்? தாங்கியை விளிம்பு மட்டும் நிரப்பாதீர்கள், காற்றுக்கு இடம் வேண்டும்.

90களில் போரினால் மின்சாரமில்லாத காலத்தில் இந்த விளக்கு வைத்திருந்த வீடுகளிலும் அதற்கு ஊற்ற மண்ணெண்ணெய் இருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகளுக்குப் போயிலின் விதியை வாயால்தான் படிப்பித்தோம்.

காஸ் சிலிண்டர் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க அமுக்கமானி வாங்கிப் பூட்டினேன். ஒரு மாதமாக முள் அசையவே இல்லை. பிறகு ஒரே நாளில் விழுந்தது, அடுப்பும் நின்றது. ஏமாற்றுச் சாமானா?
*வாசகி, மானிப்பாய்*

சாமான் சரி தங்கச்சி, ஆனால் உங்கள் வேலைக்கு உதவாது. சைக்கிள் ரியூப்பில் இருப்பது முழுக்கக் காற்று, பாதி போனால் அமுக்கம் குறையும். சமையல் சிலிண்டரில் பெரும்பகுதி திரவம். மேலே நிற்கிற ஆவியை நீங்கள் எரித்தால், கீழே திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பிவிடும். அமுக்கத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலையும் கலவையும்தான். எவ்வளவு மிச்சம் என்பது அங்கே வராது. கடைசித் துளி திரவம் முடிகிறபோதுதான் அது வெறும் வாயுவாகி, விதிக்குக் கட்டுப்பட்டு, முள் விழும்.

கலவை என்றேன். பியூற்றேனும் புரொப்பேனும் சேர்ந்ததுதான் இந்தக் காஸ். 30 பாகையில் பியூற்றேன் ஏறக்குறைய மூன்று வளிமண்டல அமுக்கம் தரும், புரொப்பேன் பத்துக்கு மேல். அதனால் புரொப்பேனின் பங்கு கூடினால் குழாயும் றெகுலேற்றரும் தாங்கவேண்டிய பாரம் கூடும். 2021 கடைசியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்தபோது, விசாரித்த குழு முக்கிய காரணமாகச் சொன்னது இந்தக் கலவை மாற்றத்தைத்தான்.

மிச்சம் அறியச் சரியான வழி தராசு. சிலிண்டரின் கழுத்துப் பட்டியில் வெறும் பாரம் பொறித்திருக்கும். சிலிண்டரை நிறுத்துப் பார்த்து, அதைக் கழியுங்கள். நிறைந்தது என்றால் 12.5 கிலோ வரவேண்டும். தராசு இல்லாவிட்டால் ஈரத் துணியால் ஒரு பக்கம் மேலிருந்து கீழாகத் துடைத்து விடுங்கள். திரவம் நிற்கிற மட்டத்துக்குக் கீழே ஈரம் பிந்திக் காயும். கடைசிக் காஸை எடுக்கச் சிலிண்டரைச் சரித்துப் படுக்க வைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது மட்டும் வேண்டவே வேண்டாம். ஆவி வரவேண்டிய குழாயில் திரவம் வரும், ஒரு லீற்றர் திரவம் இருநூற்றைம்பது லீற்றர் அளவு ஆவியாக விரியும்.

நல்லூர்த் திருவிழாவில் மகளுக்கு வாங்கிய பளபளப்பான பலூன் ஏசி அறையில் சுருங்கியது. காலையில் முற்றத்துக்குக் கொண்டுவந்ததும் மறுபடி உப்பியது. மகள் "உயிர் வந்திட்டுது" என்கிறாள்.
*ஒரு தாய், கொக்குவில்*

இது சாள்சின் விதி: அமுக்கம் மாறாவிட்டால் வெப்பநிலையோடு கனவளவும் கூடிக் குறையும். வெளியே 33 பாகை, அறையில் 20 என்றால் கெல்வினில் 306, 293. நூற்றுக்கு நான்கு பங்கு குறையும். றப்பர் பலூன் தானும் சேர்ந்து சுருங்குவதால் தெரியாது. பளபளத் தாள் இழுபடாது, அதனால் மடிப்பு விழுகிறது. மகளிடம் இப்போதைக்கு உயிர் என்றே சொல்லுங்கள், கெடுதலில்லை.

அந்தச் சாள்ஸ் உண்மையில் பலூன்காரர்தான். 1783 ஆகஸ்ட் 27, நமக்கு நல்லூர்த் திருவிழாக் காலம், பாரிஸில் ஐதரசன் நிரப்பிய பட்டுப் பலூனொன்றைப் பறக்கவிட்டார். அது கொனேஸ் என்ற கிராமத்தில் விழ, ஊரார் பேய் என்று பயந்து கத்தியும் கவைக்கோலுமாக வந்து கிழித்தார்கள். அந்த டிசெம்பர் முதலாம் திகதி தானே ஏறினார். அன்று இரண்டாம் தடவை தனியாக ஏறியபோது பலூன் மூவாயிரம் மீற்றர்வரை விறுக்கென்று போய், காதுக்குள் குத்து எடுத்தது. அதன்பின் அவர் பறக்கவே இல்லை. விதியையும் அவர் அச்சில் போடவில்லை. 1802இல் கேலுசாக் என்பவர் வெளியிட்டுப் பேரை மட்டும் அவருக்குக் கொடுத்தார்.

ஒன்று கவனியுங்கள். விற்பவர் ஈலியத்துக்குப் பதில் ஐதரசன் அடைத்திருந்தால் கற்பூரத்துக்கும் விளக்குக்கும் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. தெரியாவிட்டால் ஐதரசன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் இருக்கிற நண்பனுக்குப் போத்தலில் பனங்கள்ளு கொண்டுபோனேன். வவுனியா தாண்ட முதல் மூடி பறந்து பஸ் முழுக்க மணம். பஸ் சூடு காரணமா?
*பெயர் வேண்டாம், கைதடி*

சூட்டின் பங்கு சொற்பம். மேலே சைக்கிளுக்குப் போட்ட கணக்கைப் பாருங்கள். இங்கே மாறியது வாயுவின் அளவு. போத்தலுக்குள் மதுவம் (ஈஸ்ட்) சீனியைத் தின்று மதுசாரமும் காபனீரொட்சைட்டும் ஆக்கிக்கொண்டே இருக்கிறது. பத்துக் கிராம் சீனி முழுவதும் நொதித்தால் நம் வெப்பநிலையில் இரண்டரை லீற்றருக்கு மேல் வாயு. இறக்கியவுடன் ஒரு போத்தலில் அதைப்போல ஏழெட்டு மடங்கு சீனி இருக்கும். சூடு மதுவத்தைத் துரிதப்படுத்தும், அவ்வளவுதான். மூடி பறந்தது உங்கள் அதிர்ஷ்டம், கண்ணாடி பறக்கவில்லை.

அடுத்த முறை கருப்பணியாக, அதாவது பதநீராகக் கொண்டுபோங்கள். முட்டியில் பூசிய சுண்ணாம்பு மதுவத்தை அடக்கிவைக்கும். மூடியை இறுக்காமல், போத்தலை நிமிர்த்தி, காலுக்கிடையில் வையுங்கள். நண்பர் கள்ளுத்தான் வேண்டும் என்றால் அவரை இங்கே வரச்சொல்லுங்கள்.