கேளுங்கள் சொல்கிறேன்: நாய் தப்பித்தது, ஆடு மாட்டியது

கேள்வி: தென்கொரியாவில் நாய்க்கறிக்குத் தடை வந்துவிட்டதாமே? நீங்கள் அங்கே வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். கோழியும் பன்றியும் தின்கிற ஊரில் நாய்க்கு மட்டும் என்ன சலுகை?
– ஒரு வாசகி

பதில்: முதலில் ஒரு திருத்தம். தின்பவருக்குத் தண்டனை கிடையாது. கறிக்காக நாயை வளர்ப்பதும் கொல்வதும் விற்பதும்தான் குற்றம். 2024 ஜனவரி 9 அன்று 208 பேர் ஆதரிக்க, ஒருவர்கூட எதிர்க்காமல் சட்டம் நிறைவேறியது. தண்டனை 2027 பிப்ரவரியிலிருந்து. கொன்றால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 3 கோடி வொன் வரை அபராதம்.

பூசானில் இருந்தபோது குபோ சந்தைக்குக் காய்கறி வாங்கப் போவேன். ஒருநாள் வழி தவறி நாய்க்கறிக் கடை வரிசைக்குள் போய்விட்டேன். கூண்டுக்குள் பழுப்பு நாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. ஒன்று மட்டும் கம்பி வழியே மூக்கை நீட்டி, என் பையிலிருந்த முள்ளங்கியை முகர்ந்தது. கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. பயந்தாங்கொள்ளித்தனம்தான். 2019 ஜூலையில் கடைக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டு அந்த வரிசையையே மூடினார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாய்க்கு மட்டும் சலுகை தர என்னிடம் நியாயம் எதுவும் இல்லை. அது வீட்டுக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். பூசானில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரப் பாட்டி ஒரு காலத்தில் கோடையில் தவறாமல் போசின்டாங் என்ற நாய்க்கறிச் சூப் குடித்தவர். பேத்தி ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து விட்டதும் நிறுத்திவிட்டார். யாரும் உபதேசம் செய்யவில்லை. ஆனால் கொளுத்தும் ‘போக்’ நாட்கள் மூன்றிலும் முழுக்கோழி சூப் வைப்பார். சதையைப் பிய்த்து நாய்க்கும் போடுவார். இப்போது பல நாய்க்கறிக் கடைகள் கருப்பாட்டுக் கறிக்கு மாறுகின்றன.

இருந்தும் இந்தச் சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்நாட்டு இறைச்சிச் சுகாதாரச் சட்டத்தில் நாய் இடம்பெறவே இல்லை. அதனால் ஆய்வாளர் எட்டிப் பார்க்காமலே நடந்த தொழில் அது. பண்ணைக்காரர்களையும் அப்படியே தெருவில் விட்டுவிடவில்லை: எவ்வளவு சீக்கிரம் மூடுகிறார்களோ அதற்கேற்ப நாய் ஒன்றுக்கு 2.25 லட்சம் முதல் 6 லட்சம் வொன் வரை உதவித்தொகை.

கேள்வி: நானும் கறியைக் குறைக்கப் பார்க்கிறேன். கொரியாவில் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?
– அதே வாசகி

பதில்: கோடையில் கோங்குக்சு. சோயாவை ஊறவைத்து, வேகவைத்து, அரைத்த குளிர்ந்த பாலில் நூடுல்ஸ், மேலே வெள்ளரிக்காய். உப்பு போதும். குளிருக்கு, எள் போன்ற டுல்கே (பெரில்லா) விதையை அரைத்து ஊற்றிய காளான் சூப். போசின்டாங்கிலும் போடுவது இதே விதைதான். பாட்டிக்கு ஒருமுறை வாங்கிக் கொடுத்தேன். “கறி எங்கே?” என்று கரண்டியால் கிளறிப் பார்த்தார். கிண்ணத்தில் மிச்சம் வைக்கவில்லை.