பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யாமல் திடீரென இறந்துபோன அப்பாவுக்காக நாங்கள் செபிப்பதால் பலன் உண்டா? என்னென்ன செய்யலாம்?

உண்டு. குருவானவர் வந்து சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது என்பதாலேயே ஒருவர் கைவிடப்பட்டவர் ஆகிவிட மாட்டார். உத்தம மனஸ்தாபம், அதாவது கடவுள்மேல் உள்ள அன்பினால் பாவத்துக்காக வருந்துவது, ஒரு நொடியில், பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாமல் நிகழக்கூடியது. தற்கொலை செய்துகொண்டவர்களின் மீட்பைப் பற்றிக்கூட நம்பிக்கை இழக்க வேண்டாம் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2283).

மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். போரில் விழுந்தவர்களின் உடல்களை எடுக்கப் போனபோது, உடைக்கு அடியில் யாம்னியாச் சிலைகளின் தாயத்துகள் கிடந்தன. திருச்சட்டம் விலக்கிய பொருள். பாவத்தோடு செத்தவர்கள் என்று படைத்தலைவர் யூதா மக்கபே அவர்களை ஒதுக்கவில்லை. வீரர்களிடம் இரண்டாயிரம் வெள்ளி நாணயம் திரட்டிப் பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார். சீர்திருத்த சபைகளின் விவிலியத்தில் இந்த நூல் இல்லை. இறந்தவர்களுக்காகச் செபிப்பது பற்றிய வாக்குவாதத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

இறந்தபின் ஆன்மா தூய்மை பெறும் நிலையான உத்தரிக்கிற ஸ்தலத்தைச் சின்ன நரகமாக நினைப்பவர்கள் அதிகம். அங்கே இருப்பவர்கள் கடவுளின் அருளில் இறந்தவர்கள். அவர்களுக்கு விண்ணகம் உறுதி, தூய்மை அடைவதுதான் பாக்கி. 1563இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் அறுதியிட்டுச் சொன்னது இரண்டே: அந்த நிலை உண்டு, நம் செபங்களும், எல்லாவற்றுக்கும் மேலாகத் திருப்பலியும், அங்குள்ள ஆன்மாக்களுக்கு உதவுகின்றன. எத்தனை வருடம், எவ்வளவு சூடு என்பதெல்லாம் ஓவியர்களும் பிரசங்கிகளும் சேர்த்த சரக்கு.

ஆகவே முதலில் பூசைக் கருத்து, அதாவது அப்பாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்படி ஒரு வேண்டுகோள், கொடுங்கள். பெயரைச் சொல்லி, ‘ஆன்ம இளைப்பாற்றிக்காக’ என்றால் போதும். கொடுக்கும் காணிக்கை பூசையின் விலை அல்ல. ஏழைகளுக்காகக் காணிக்கை இல்லாமலும் நிறைவேற்றும்படி திருச்சபைச் சட்டமே (எண் 945) குருக்களைக் கேட்டுக்கொள்கிறது. இறந்தவர் கத்தோலிக்கர் அல்ல என்றாலும் தடையில்லை. உயிரோடிருப்பவர், இறந்தவர் எவருக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம் (எண் 901). நினைவு நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் குரு அந்த ஞாயிறின் செபங்களைத்தான் சொல்வார். இறந்தோர் பூசைச் செபங்கள் வரவில்லையே என்று பதற வேண்டாம், கருத்து அப்படியே நிற்கும். கிரகோரியார் பூசை என்பது ஒரே ஆன்மாவுக்காக 30 நாள் தொடர்ச்சியாக நிறைவேற்றுவது. ஒரே குருதான் செய்ய வேண்டும் என்பதில்லை.

அடுத்தது பரிபூரணப் பலன், அதாவது மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிஞ்சியிருக்கும் தண்டனை முழுவதும் நீங்கத் திருச்சபை தரும் சலுகை. ஒரு பகுதி மட்டும் நீங்கினால் அது பகுதிப் பலன். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குப் போய், மனதுக்குள்ளேயாவது இறந்தவர்களுக்காகச் செபித்தால் நாளுக்கு ஒன்று கிடைக்கும். அது அவர்களுக்கு மட்டுமே உரியது. அதோடு பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பரசரின் கருத்துக்காகச் செபம் (ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மந்திரம் போதும்) மூன்றும் வேண்டும். பாவசங்கீர்த்தனத்தை அதே நாளில் செய்யத் தேவையில்லை. சில நாள் முன்போ பின்போ செய்யலாம், ஒன்றே பல நாள் பலனுக்கும் போதும். நற்கருணையும் பாப்பரசருக்கான செபமும் ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனி. எட்டு நாளும் கல்லறைக்குப் போய், ஒரே நாள் மட்டும் நற்கருணை வாங்குகிறவருக்கு ஒரே பரிபூரணப் பலன்தான். இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இதைவிடக் கடினமான நிபந்தனை, அற்பப் பாவத்தின் மீதுகூட மனதில் பற்று இருக்கக் கூடாது என்பது. அது குறைந்தால் பகுதிப் பலனாகிவிடும், வீணாகாது.

நவம்பர் 2 அன்று ஆலயத்துக்குப் போய் ஒரு பரலோக மந்திரமும் விசுவாசப் பிரமாணமும் சொன்னாலும் இதே பலன், இதே நிபந்தனைகளோடு. ஆனால் ஒரே நாளில் கல்லறை ஒன்று, ஆலயம் ஒன்று என்று இரண்டாகச் சேராது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேண்டுமென்றால் இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

ஒரு கண்டிப்பு. ‘அப்பா கரையேறிவிட்டாரா’ என்று குறி கேட்கவோ, ஆவியை அழைக்கவோ போகாதீர்கள். திருச்சபை அதை முற்றிலும் தடை செய்கிறது. இறந்தவர்கள் மேல் திருச்சபைக்கு ஆளுகை கிடையாது. பலனை அது மன்றாட்டாகத்தான் கடவுளிடம் வைக்கிறது. யாருக்கு எப்போது என்ற கணக்கு நம் கையில் இல்லை.

‘இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டதே, இனிச் செபித்து என்ன’ என்ற தயக்கத்துக்கு 16ஆம் பெனடிக்ட் 2007இல் எதிர்நோக்கைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் பதில் இருக்கிறது: இன்னொருவரின் இதயத்தைத் தொடுவதற்குக் காலம் கடந்துபோவதே இல்லை, அது வீணாவதும் இல்லை. பூசைக்குப் போக முடியாத நாளில், ‘நித்திய இளைப்பாற்றியை அவருக்குத் தந்தருளும் ஆண்டவரே, முடிவில்லாத ஒளி அவர்மேல் ஒளிர்வதாக’ என்று பேருந்தில் நின்றுகொண்டே சொல்லலாம். அதற்கும் பகுதிப் பலன் உண்டு.