மண் ஈரமும் செயற்கைக்கோள் கோப்பும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஸ்மேப் செயற்கைக்கோளின் 9 கிலோமீட்டர் கட்டங்களாலான மண் ஈரக் கோப்பைத் தரவிறக்கிக் கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் திறந்தேன். படம் வெறும் கறுப்பும் வெள்ளையுமாகத் தெரிகிறது. என் ஆய்வுப் பகுதியின் எல்லைக்கோட்டோடு பொருந்தவும் இல்லை. கோப்பு பழுதடைந்ததா?

பதில்: கோப்பில் பழுதில்லை. நாசா 2015 ஜனவரி 31 அன்று ஏவிய ஸ்மேப்பின் தினசரித் தொகுப்பு எச்டிஎஃப்5 என்னும், பல தரவு அடுக்குகளை ஒரே கோப்பில் வைக்கும் வடிவில் கிடைக்கிறது. அதில் எண்கள் முழுமையாக இருந்தாலும், அவை பூமியில் எந்த இடத்துக்கு உரியவை என்பதைக் கியூஜிஐஎஸ் பெரும்பாலும் தானாகப் படித்துக்கொள்வதில்லை. அதை நாம்தான் சொல்ல வேண்டும். இந்தத் தொகுப்பு ஈஸ்-கிரிட் 2.0 என்னும், எல்லாக் கட்டங்களும் ஒரே பரப்பளவுடைய அமைப்பில் உள்ளது; வரைபட மென்பொருள்கள் அதை அடையாளம் காணும் குறியீடு ஈபிஎஸ்ஜி 6933. கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் பட்டியலில் உள்ள டிரான்ஸ்லேட் கருவியில் இக்குறியீட்டைக் கொடுத்து, இடது மேல் மூலைக்கு -17367530.45, 7314540.83 என்றும், வலது கீழ் மூலைக்கு 17367530.45, -7314540.83 என்றும் மீட்டர் அளவில் எல்லைகளைக் குறித்து, இடக்குறிப்பும் சேர்ந்த பட வடிவமான ஜியோடிஃப் கோப்பாகச் சேமித்தால் படம் உரிய இடத்தில் அமர்ந்துவிடும். உலகம் முழுவதும் தேவையில்லை என்றால் நாசாவின் ஆப்பியர்ஸ் தளத்தில் உங்கள் எல்லைக்கோட்டை ஏற்றி, அப்பகுதியை மட்டும் ஜியோடிஃப்பாகவே பெறலாம். முதன்முறை முயல்பவர்களுக்கு நான் இந்த வழியையே பரிந்துரைப்பேன். இரண்டு வழிகளுக்கும் நாசாவின் கட்டணமற்ற எர்த்டேட்டா கணக்கு ஒன்று போதும்.

கறுப்பு வெள்ளைக்குக் காரணம் -9999 என்ற எண். செயற்கைக்கோள் உலகம் முழுவதையும் பார்த்து முடிக்க இரண்டு மூன்று நாட்கள் ஆவதால், ஒரு நாள் கோப்பில் இடைவெளிகள் இருந்தே தீரும். கடலுக்கும் மதிப்பு கிடையாது. அந்த இடங்களில் எல்லாம் -9999 நிரப்பப்பட்டிருக்கிறது. உண்மையான மதிப்புகளோ ஒரு கன மீட்டர் மண்ணில் எத்தனை கன மீட்டர் நீர் என்ற கணக்கில், 0.02 முதல் 0.5 வரை என்பது போன்ற சிறு எண்கள். வண்ண அளவுகோல் -9999-இலிருந்து தொடங்கினால் இவை அனைத்தும் ஒரே நிறமாகிவிடும். ஆகவே -9999-ஐ மதிப்பற்றதாக அறிவித்துவிட்டு, அதன்பிறகே வண்ணம் தீட்டுங்கள். சராசரி எடுப்பதற்கும் வேறு வீழலுக்கு (உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடமாக்கும் முறைக்கு) மாற்றுவதற்கும் முன்பே இதைச் செய்தாக வேண்டும். தவறினால் அந்த எண்ணும் கணக்கில் கலந்து, எதிர்மறை ஈரம் என்ற பொருளற்ற விடை வரும்.

இன்னும் ஒரு படி உண்டு. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம். ஈர அடுக்குடன், ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பையும் எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் தரக்குறியீட்டு அடுக்கு ஒன்றும் வருகிறது. மதிப்பற்ற கட்டங்களை நீக்கியபின், தரக்குறியீடு இரட்டைப்படை எண்ணாக உள்ள கட்டங்களே பரிந்துரைக்கப்பட்ட தரமுடையவை. அடர்ந்த காடு, உறைந்த நிலம், நீர்நிலையை ஒட்டிய பகுதி ஆகியவற்றில் மதிப்பு இருந்தாலும் அதை அப்படியே நம்ப முடியாது. செயற்கைக்கோள் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் கடந்து செல்லும்போது எடுத்த அளவீடுகள் தனித்தனியே தரப்படுவதையும் கவனியுங்கள். விடியலில் மண்ணும் செடியும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருந்து ஈரக் கணக்கீடு எளிதாவதால், காலைத் தரவிலிருந்து தொடங்குவது நல்லது.

கேள்வி: இந்த வரைபடத்தைப் பார்த்து என் ஐந்து ஏக்கருக்கு எப்போது நீர் பாய்ச்சுவது என்று முடிவு செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஒரு கட்டமே 81 சதுர கிலோமீட்டர், அதாவது 8,100 ஹெக்டேர். உண்மையில், மண் வெளியிடும் நுண்ணலைகளை அளக்கும் ரேடியோமீட்டர் ஒரே பார்வையில் உணரும் பரப்பு சுமார் 40 கிலோமீட்டர் அகலமுடையது. ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவீடுகளைக் கணித முறையில் பகிர்ந்தே 9 கிலோமீட்டர் கட்டம் உருவாக்கப்படுகிறது. நுண்ணிய விவரம் தர வேண்டிய ரேடார், ஏவிய அதே ஆண்டு ஜூலையில் செயலிழந்துவிட்டது. ஆழமும் குறைவு: கருவி நேரடியாக அறிவது மேல்மண்ணின் சுமார் 5 சென்டிமீட்டரை மட்டுமே. ஒரு மீட்டர் ஆழம் வரையிலான வேர்ப்பகுதி ஈரம் நான்காம் நிலைத் தொகுப்பில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கிடைக்கிறது என்றாலும், அது அளவீட்டை நிலத்தின் கணினி மாதிரி ஒன்றுடன் இணைத்துப் பெற்ற கணிப்பு. வட்டாரம் முழுவதும் காய்ந்து வருகிறதா, கடந்த ஆண்டைவிட ஈரம் குறைவா என்பதை இத்தரவு நன்றாகவே காட்டும். உங்கள் வயலுக்கு, வேர் ஆழத்தில் புதைத்த ஓர் உணரியையோ கையால் தோண்டிப் பார்த்த மண்ணையோ நம்புங்கள்.